கீழவளவில் நாம் பாராதவை

மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில், கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்குப் போகும் இலக்கிய அன்பர்கள் தேடிச் செல்வன சமணர் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும். ஈராயிரம் ஆண்டுக்கு முன் தொண்டியைச் சேர்ந்த ஒருவர் அளித்த கொடையைச் சொல்லும் கல்வெட்டு அது. தலைகீழாக எழுத்து வெட்டிய விந்தை வேறு. பார்த்துவிட்டுப் படியிறங்கி மதுரைக்குத் திரும்பிவிடுகிறோம். சுற்றிலும் கிரானைட் குவாரிகள் விட்டுச்சென்ற பள்ளங்களை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

செக் நாட்டில் குட்னா ஹோரா என்றொரு பழைய வெள்ளிச் சுரங்க நகரம் உண்டு. 1300 முதல் பிராக் வெள்ளிக்காசு அங்கேதான் அடிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் வெள்ளி வற்றத் தொடங்க, நகரும் ஒடுங்கியது. இன்று அங்கே செல்லும் பயணியர் சுரங்கத் தொழிலாளர் அணிந்த வெள்ளை அங்கியையும் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு பழைய சுரங்கத்துள் இறங்குகின்றனர். சுரங்கத் தொழிலாளரின் காவல் தெய்வமான பார்பராவுக்கு எடுத்த பேராலயத்தின் உள்ளேயே சுரங்கத் தொழிலாளியின் சிலை நிற்கிறது. காசடிப்போர் சுவரோவியமாக இருக்கின்றனர். 1995இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வெள்ளி மன்னனுக்குப் போனது; வெட்டியவனும் நினைக்கப்படுகிறான்.

நம் குவாரிகளின் கதை அத்தனை கண்ணியமானதன்று என்பர். உண்மைதான். 2012இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, இழப்பைப் பதினாறாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் எனக் கணித்தது. கண்மாயும் வாய்க்காலும் சிதைந்ததும் நாமறிந்ததே. முறைகேட்டுக்கு மாலையிடுவதா என்று கேட்கலாம். நினைவில் வைத்தல் வேறு, மாலையிடுதல் வேறு. 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் மேலூர் வட்டாரமே திரண்டதற்கும், 2025 ஜனவரியில் ஏலம் இரத்தானதற்கும், இப்பள்ளங்களைக் கண்ணாரக் கண்டிருந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

ஆகவே ஒரு பள்ளத்தையாவது தூர்க்காமல், வேலியிட்டு, நடந்தது இன்னதென்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். அது அரசின் வேலை. நம் வேலை ஒன்றும் இருக்கிறது. பாறையின் ஓட்டம் பார்த்துத் துளையிட்டவர்கள், கல்லைக் கட்டித் தூக்கியவர்கள், வெளிமாநிலங்களிலிருந்து வந்து உழைத்தவர்கள் எனப் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். கல்லுக்கும் கருவிக்கும் விபத்துக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள் எவ்வகராதியில் உள்ளன? முதுகலை மாணவர் இருவரை ஒலிப்பதிவுக் கருவியுடன் அனுப்பினால் ஒரு கோடை விடுமுறைக்குள் தொகுத்துவிடலாம்.