தர்மப் பணத்துல சம்பளமா?

நம்ம கோயில் திருப்பணிக் கவுண்டர்ல தொண்டூழியரா ரசீது எழுதினப்போ, இதுவே பிழைப்பாகும்னு நான் நினைக்கல. சரக்கு கம்பெனியில ஆட்குறைப்பு. இப்போ ஒரு முதியோர் இல்லத்துக்கு முழுநேரமா நிதி திரட்டுறேன்.

"தர்மப் பணத்துல சம்பளமா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அதே இல்லத்துல தாதிக்குச் சம்பளம் கொடுத்தா யாரும் கேட்கிறதில்லையே! கட்டுப்பாடும் இருக்கு: சிங்கப்பூர்ல நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் தகுதி பெற்ற அறநிறுவனங்கள் நிதி திரட்டச் செய்யும் செலவு, வருஷத்துல திரட்டின தொகையில 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

இந்த வேலையைக் கத்துக்கொடுத்தது ஒரு பாட்டி. திருப்பணிக்கு 5 வெள்ளி கொடுத்தவங்க, அடுத்த மாசம் வந்து, "தம்பி, என் காசு எதுக்குப் போச்சு?"ன்னாங்க. பதில் தெரியாம முழிச்சேன். கணக்கைக் கேட்டு வந்து சொன்னேன். சிரிச்சிட்டு இன்னும் 5 வெள்ளி கொடுத்தாங்க.

கேட்கிறது பாதி வேலை. எங்கே போச்சுன்னு சொல்றது மீதி.

கவுண்டர்ல உட்காரும் நம்ம பிள்ளைகளுக்கு ரசீதோட கணக்கையும் காட்டுங்க. அவங்க நாளைக்கு இதையே தொழிலா எடுத்தா, தயவுசெஞ்சு தடுக்காதீங்க.

முருகா சரணம் 🙏