சந்தவாசல் கடைகளும் செல்போன் விளம்பரமும்

சிறு வியாபாரிகள் தங்கள் சரக்கைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லிக் கொள்ளுவது குற்றமென்று யாரும் சொல்ல முடியாது. தண்டோரா போட்டும், சுவரில் எழுதியும், நோட்டீஸ் அச்சடித்தும் முன்பு சொன்னதை இன்று செல்போனில் சொல்லுகிறார்கள். இதற்கு நாம் விரோதியல்ல. கையில் முதலில்லாதவனும் தன் கடையின் பெயரை ஊரறியச் செய்துகொள்ள ஒரு வசதி ஏற்பட்டதில் நமக்கு மிகுந்த சந்தோஷமே. ஆனால், எந்த வசதி ஏற்பட்டாலும் அதற்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒருவன் வந்து உட்கார்ந்து கொண்டு தட்சணை கேட்பது நம் நாட்டு வழக்கமாய்ப் போய்விட்டது. இந்த விஷயத்திலும் அதுவே நடந்து வருவதால், இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத வேண்டியவர்களாயிருக்கின்றோம்.

திருவண்ணாமலை ஜில்லாவில் சவ்வாது மலையடிவாரத்திலுள்ள சந்தவாசலையே எடுத்துக் கொள்வோம். அங்குள்ள மளிகைக் கடைக்கும், டீக் கடைக்கும், தையற் கடைக்கும் வாடிக்கைக்காரர்கள் யார்? சுற்று வட்டாரத்துக் கிராமத்தார், மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், ஆடி மாதத்தில் படவேட்டுக் கோவிலுக்குப் போகிற கூட்டத்தார் ஆகிய இவர்களேயாவார்கள். (கோவிலுக்குப் போவது புத்திசாலித்தனமா என்பது வேறு விஷயம், போகிற வழியில் டீ குடிக்கிறார்கள் என்பது மாத்திரம் நிச்சயம்.) இப்படிப்பட்ட கடைக்காரரிடம் ஒரு விளம்பரத் தரகர் வந்து, "உமக்குப் பதினாயிரம் பேரைப் பின்தொடரச் செய்கிறேன், மாதம் 3,000 ரூபாய் கொடும்" என்கிறார். எப்படிச் செய்வீர் என்று கேட்டால், "அல்காரிதம்" என்கிறார். அது எங்கேயிருக்கிறது, என்ன செய்கிறது என்று கேட்டாலோ, அதெல்லாம் உமக்குப் புரியாது, நான் சொல்லுகிற நாழிகையில், நான் சொல்லுகிற விதமாய்ப் படம் போட்டால் அது சந்தோஷப்படும் என்கிறார். நேரம் தவறினால் கோபித்துக் கொள்ளுமாம்! புரோகிதர் சொல்லும் ராகு காலத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கின்றோம்.

உண்மையில் அதில் மர்மம் ஒன்றுமில்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்கின்ற ஒரே அமெரிக்கக் கம்பெனியைச் சேர்ந்தவை. அந்தக் கம்பெனிக்கு 2023-ம் வருஷத்தில் வந்த வருமானம் 13,490 கோடி டாலர். அதில் மிகப் பெரும் பாகம் விளம்பரப் பணமே. கடைகளின் பக்கங்களைக் காட்டிலும் நண்பர், உறவினர் போடுகிற செய்திகளுக்கே முதலிடம் கொடுக்கப் போவதாக 2018 ஜனவரியில் பேஸ்புக் பகிரங்கமாகவே அறிவித்துவிட்டது. அதாவது, கடைக்காரர் போடுவதை இலவசமாய்ப் பார்க்கிறவர்களின் தொகை குறையுமென்பதும், அதிகம் பேர் பார்க்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டுமென்பதும் அதன் கருத்து. இதை மறைத்துவிட்டு, ஏதோ தெய்வ சித்தத்தைக் கண்டு வந்தவர் போல் பேசுவது புரட்டேயாகும்.

சரி, பணத்தைக் கட்டியே பார்ப்போமென்றால் கணக்குப் பார்க்க வேண்டாமா? தரகருக்கு மாதம் 3,000 ரூபாய்; கம்பெனிக்கு விளம்பரக் கூலி 2,000; அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரி 360. ஆக 5,360 ரூபாய். ஒரு கிலோ சாமை விற்றால் கடைக்காரருக்கு 10 ரூபாய் நிற்பதாக வைத்துக் கொண்டாலும், செலவு செய்த பணம் திரும்பி வருவதற்கு மாத்திரமே மாதம் 536 கிலோ அதிகமாய் விற்றாக வேண்டும். அதற்குப் பிறகுதான் லாபம். பின்தொடருகிற பதினாயிரம் பேரில் சந்தவாசலுக்கு வந்து பை பிடிக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று தரகரைக் கேட்டால் பதில் வராது. காசுக்கு வாங்கிய எண்ணிக்கையில் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை. ஆளில்லாத கணக்குக்கு அரிசி பருப்பு என்ன செய்ய?

புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு குடும்பத்தார் வயல்வெளியில் சமைத்துக் காட்டி, வில்லேஜ் குக்கிங் சேனல் என்ற பெயரில் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைச் சேர்த்தார்கள். அவர்கள் உழைப்பைப் பாராட்டுகின்றோம். ஆனால், அவர்கள் வியாபாரம் படம் காட்டுவது. நம் டீக்கடைக்காரர் வியாபாரம் டீ விற்பது. அவருக்கு ஒரு கோடிப் பேர் வேண்டியதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிற நாற்பது பேர் போதும்.

நிற்க, ஒரே கம்பெனியின் திண்ணையில் கடை முழுவதையும் பரப்பி வைப்பதிலுள்ள அபாயத்தையும் பார்க்க வேண்டும். 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய சர்க்கார் டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் வருஷக் கணக்காய் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அத்தனையையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4-ந் தேதி மெட்டாவின் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகமெங்கும் நின்று போயின. வாடிக்கைக்காரர்களின் பெயரும் நம்பரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கு நஷ்டமில்லை.

அப்படியானால் என்னதான் செய்வதென்று கேட்கலாம். கூகிள் வரைபடத்தில் கடையின் பெயரையும், திறக்கும் நேரத்தையும், நம்பரையும் பதிவதற்குக் காசு கிடையாது. சிறு வியாபாரிகளுக்கென்று 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸிலும் சரக்குப் பட்டியலை விலையோடு இலவசமாய் வைக்கலாம். ஒரே செய்தியை 256 பேர் வரை ஒரு பட்டியலுக்கு அனுப்பலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் செல்போனில் குறித்து வைத்திருப்பவர்களுக்கு மாத்திரமே அது போய்ச் சேரும். ஆகவே சாமான் வாங்குகிறவரிடம், "நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள் அண்ணே, புதுப் புளி வந்ததும் சொல்லுகிறேன்" என்று நேரில் சொல்லுவது தரகர் செய்யும் வேலையைவிட மேலானது. விலையைத் தெரியப்படுத்தாமல், "தனியாகக் கேளுங்கள், சொல்லுகிறோம்" என்கிற வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். ஆளுக்கொரு விலை சொல்ல உத்தேசமில்லாதவன் விலையை ஏன் மறைக்க வேண்டும்? தையற் கடை நடத்துகிற பெண்கள், கடையின் கணக்கைப் புருஷனுடைய நம்பரில் வையாமல் தங்கள் சொந்த நம்பரிலேயே வைத்துக் கொள்ள வேண்டுமென்றும் கேட்டுக் கொள்ளுகின்றோம். தைப்பவள் ஒருத்தி, வாடிக்கைக்காரர் கூப்பிட்டால் பேசுகிறவன் வேறொருவன் என்றிருப்பது அவள் சுயமரியாதைக்கும் வியாபாரத்திற்கும் கேடாகும்.

கடைசியாக, மலைச் சரக்கைப் பற்றி. சவ்வாது மலைச் சாமையும் தேனும் இன்று பட்டணத்தார் தேடி வாங்கும் பொருளாகிவிட்டன. ஐக்கிய நாட்டுச் சபை 2023-ஐச் சிறுதானிய வருஷமாக அறிவித்த பின்பு இந்தத் தேட்டம் இன்னும் பலமாயிற்று. இதைக் கண்டு, சாமை தின்றால் சர்க்கரை வியாதி அடியோடு போய்விடுமென்றும், சித்தர்கள் சொன்ன இரகசியமென்றும் விளம்பரம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சாமை நல்ல தானியம்; அது மருந்தல்ல. இதை நம்பி ஒருவர் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டால் அவர் உயிருக்கு யார் ஜவாப்தாரி? ஆகாரப் பொருளைப் பற்றித் தப்பான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதையும் இவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னும், சுருக்கம் விழுந்த முகத்தோடு முறத்தைப் பிடித்து நிற்கும் ஒரு மலைக் கிழவியின் படத்தைப் பையின் மேல் போட்டுவிட்டால் சரக்கு உசத்தியாகிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாய்ச் சாமையை உரலில் குத்திப் புடைத்துக் கை காய்த்துப் போனவர்கள் அந்தப் பெண்கள்தான். அந்த முகத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள், படம் எடுக்க அந்த அம்மாள் சம்மதித்தாரா, அவருக்குக் கிலோவுக்கு என்ன விலை கொடுத்தோம் என்கின்ற இரண்டு வரிகளையும் அந்தப் படத்திற்குக் கீழேயே அச்சடிக்கட்டும்.