ஐம்பது லிட்டரில் ஒன்பது மீன்

பேத்தியின் எட்டாவது பிறந்தநாளுக்கு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்தது நான்தான். அதில் பத்தே நாளில் நான்கு மீன்களைக் கொன்றதும் நான்தான். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "வெயில் ஜாஸ்தி தாத்தா, அதான்" என்று பேத்தியே எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆனால் 36 வருஷம் அரசாங்கக் கோப்பு எழுதியவனுக்கு, தப்பு எந்த மேசையில் நடந்தது என்று தெரியாமல் தூக்கம் வராது.

நடந்தது இதுதான். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கல், ஃபில்டர் எல்லாம் போக சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். புதுச்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஆறு கோல்டு ஃபிஷ், இரண்டு 'ஷார்க்', ஒரு சக்கர் வாங்கினேன். "சக்கர் இருந்தா அழுக்கெல்லாம் அதுவே தின்னுடும் சார்" என்றார் கடைக்காரர். தொட்டி எவ்வளவு பெரிசு, எத்தனை நாளாக ஓடுகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாலை கேக் வெட்டுவதற்குள் ஒன்பதும் தண்ணீரில்.

நான்காம் நாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன். கடையில் நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அதையும் ஊற்றினேன். ஏழாம் நாள் ஒன்று செத்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெளுக்கும்வரை கசக்கி, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து நிரப்பினேன். தொட்டி பளபளத்தது. அடுத்த மூன்று நாளில் மேலும் மூன்று மிதந்தன.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகிவிட்டது. இது நான் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். நைட்ரஜனுக்கு பிரெஞ்சில் 'அசோத்' என்று பெயர். லவுவாசியே காலத்தில் கிரேக்கச் சொற்களிலிருந்து செய்தது. 'உயிரற்றது' என்று அர்த்தம். எங்கள் முசியே கரும்பலகையில் வட்டம் போட்டு, அம்பு போட்டு, இந்த அசோத் மண்ணிலும் நீரிலும் எப்படிச் சுற்றி வருகிறது என்று விளக்கினார். நானும் அதை மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கினேன். அறுபது வருஷம் கழித்து அதே வட்டம் என் வீட்டுக் கூடத்தில் சுற்ற வேண்டியிருந்தது. நான் பாதியில் அறுத்துவிட்டேன்.

விஷயம் சுருக்கமாக இவ்வளவுதான். மீனின் செவுளிலிருந்தும், கழிவிலிருந்தும், மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அளவோடு இருந்தால் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் போதுமான அளவு குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நான் முதல் நாளே ஒன்பது மீன் விட்டேன். குடியேறத் தொடங்கியிருந்த கொஞ்ச பாக்டீரியாவையும் குழாயடியில் கழுவிக் கொட்டினேன். மிச்சத்தைத் தண்ணீரில் இருந்த குளோரின் பார்த்துக்கொண்டது.

ஆகவே என் கருத்து இது. மீன் செத்தால் நாம் மருந்து பாட்டிலைத் தேடுகிறோம். முதலில் மீனை எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பாக இருந்தால் எந்த மருந்தும் வேலைக்கு ஆகாது.

நான் சரிசெய்த விதம்: கூட்டத்தைக் குறைத்தேன். மீன்கள் தெளியும்வரை தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், இப்போது வாரம் ஒருமுறை. புதுத் தண்ணீரில் குளோரின் முறிக்கும் மருந்து இரண்டு சொட்டு விட்டுத்தான் ஊற்றுகிறேன். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக அலசுகிறேன். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. அம்மோனியா பார்க்கிற டெஸ்ட் கிட் ஒன்றும் வாங்கினேன். அந்த நீல மருந்துக்கு முன் இதை வாங்கியிருக்க வேண்டும்.

குறைத்ததில் முதலில் போனவை 'ஷார்க்' இரண்டும். அது சுறாவே இல்லை, மெகோங் ஆற்றுக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. என் பெரியப்பா சைகோனில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் இருந்திருந்தால், "சாப்பிடுகிற மீனைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறாயே" என்று சிரித்திருப்பார். சக்கரும் ஓரடிக்கு மேல் வளரும். மூன்றையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன், பணம் கேட்கவில்லை. ஊசுட்டேரியில் விட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சக்கர் ஏற்கெனவே தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, நம் ஊர் மீன்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

"எங்க வீட்ல சின்னக் கிண்ணத்திலேயே ரெண்டு வருஷம் இருந்துச்சே" என்பவர்கள் உண்டு. கோல்டு ஃபிஷ் நன்றாக வைத்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழும். இரண்டு வருஷம் என்பது நல்ல கணக்கல்ல. மீனுக்குக் கத்தத் தெரியாது என்பதால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2017-இல் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகள் போட்டது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. சிறு வியாபாரிகளின் சிரமம் எனக்குப் புரிகிறது. பெரிய சட்டம் வேண்டாம். கடையில் ஒரு அட்டை போதும்: இந்த மீன் எவ்வளவு நீளம் வளரும், அதற்கு எத்தனை லிட்டர் வேண்டும். கூடவே வாயால் ஒரு கேள்வி: "தொட்டி எத்தனை நாளா ஓடுது சார்?" இதைக் கேட்கிற கடைக்காரருக்கு அன்றைக்கு எட்டு மீன் குறைவாகத்தான் விற்கும். ஆனால் நான் அவரிடமே திரும்பத் திரும்பப் போவேன்.

இப்போது இரண்டு கோல்டு ஃபிஷ் இருக்கின்றன. வளர வளர அவற்றுக்கும் இந்தத் தொட்டி போதாது. தீபாவளிக்கு மூன்றடித் தொட்டி வாங்குவதாகப் பேத்தியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எனக்கு 74 ஆகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த மீன்கள் எனக்குப் பிறகும் இருக்கக்கூடும். அதனால் ஒரு நோட்டுப் போட்டு, சனிக்கிழமைதோறும் எவ்வளவு தண்ணீர் மாற்றினோம், அம்மோனியா எவ்வளவு என்று அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் அம்மோனியாவுக்கு நேராக ஒரு பெரிய பூஜ்யம் போட்டு, பக்கத்தில் மீன் படமும் வரைந்து வைத்திருந்தாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.