பெரிய வெள்ளி: பேராக்கில் வேலை நாள்

ஈப்போ: லெந்து நாட்களின் உச்சமான பெரிய வெள்ளிக்குச் சபா, சரவாக்கில் பொது விடுமுறை, பேராக்கில் இல்லை. சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையை நண்பகல் 12 முதல் 3 மணி வரை நடத்துவது லுத்தரன் சபைகளிலும் உள்ள வழக்கம். அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை நீண்ட இடைவேளை உண்டு. தொழுகைக்கான அந்த நேரம் இவர்களுக்கும் கைகொடுக்கிறது. ரப்பர் தோட்டங்களை விட்டுத் தொழிற்சாலை ஷிப்டுக்கு வந்தவர்களின் பாடுதான் சிரமம். ஆண்டு விடுப்பில் ஒரு நாள் போகும், அல்லது இரவு ஆராதனைதான்.

தீபாவளிக்குச் சரவாக்கில் விடுமுறை இல்லாத குறையை அறிந்த தமிழர்களுக்கு இது புரியும். மாநில அரசு அறிவித்தாலும் தனியார் நிறுவனங்கள் பின்பற்றும் என்ற உறுதியில்லை. தொழில் சட்டத்தின் 11 கட்டாய விடுமுறைகளில் 5 மட்டுமே மாற்ற முடியாதவை. மற்ற 6-ல் ஒன்றை, முதலாளி சம்மதித்தால், பெரிய வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.