'வெரி நைஸ்' போதுமா?

கேமரன் மலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் பலர் 'வெரி நைஸ்', 'வெரி பியூட்டிஃபுல்' என்பதோடு நின்றுவிடுகின்றனர். நாளை சுற்றுப்பயணிகளிடம் தம் ஊர்த் தேநீரை விளக்கத் தடுமாறினால், அவ்வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். இதற்குத் தீர்வாகப் பெயரடைப் பட்டியலை மனனம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சொற்கள் தேர்வோடு மறந்துபோகும்.

கம்போங் ராஜாவை அடுத்துள்ள புளூ வேலி போன்ற தேயிலைத் தோட்டங்களில் வளரும் மாணவருக்குச் சொற்கள் அருகிலேயே உள்ளன. தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்போர், உயிர்ப்புள்ள தேநீரை 'பிரிஸ்க்' என்பர், சப்பென்றிருந்தால் 'ஃபிளாட்', சாயம் தெளிந்து பளிச்சிட்டால் 'பிரைட்'. 'நல்ல தேநீர்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் தொழில் நடக்காது.

அறுசுவையுள் ஒன்றான துவர்ப்பை எடுத்துக்கொள்வோம். வாழைப்பூ சமைக்கும் வீட்டில் அதைச் சிறுவரும் அறிவர். அதற்குரிய 'அஸ்ட்ரின்ஜென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லோ அன்றாடப் பேச்சில் அரிது. பொருளைத் தமிழில் முன்பே உணர்ந்தவர் புதிய ஒலியை மட்டும் கற்றால் போதும். ஆகவே, ஆங்கில வகுப்பில் "இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்பதை நேர விரயம் என நான் கருதவில்லை.

மூடுபனியும் அப்படித்தான். பார்வைத்தூரம் 1 கிலோமீட்டருக்குக் குறைந்தால் வானிலையாளர் அதை 'ஃபோக்' என்பர். அதற்கு மேலென்றால் 'மிஸ்ட்'. காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது எதிர்க்குன்றின் தேயிலைச் செடிகள் தெரிகின்றனவா என்று பார்த்தே சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம்.