மண் தின்னி மீனும் லயன் வாசலும்



கோழி வளர்ப்பு, காளான், தையல் என்று எந்தச் சுயதொழிலைப் பற்றிப் பேசினாலும் தோட்டத்துப் பெண்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இடத்துக்கு எங்கே போறது மிஸ்?" நியாயமான கேள்வி. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்தவர்கள் பலருக்கு, குடியிருக்கும் லயன் காம்பராவே சொந்தமில்லை. 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கும் போரில் இருந்ததை இழந்து, 2009 இற்குப் பின்னர் உறவினரை நம்பித் திரும்பி வந்த பெண்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உறவினர் வீட்டின் ஒரு மூலைதான்.

எனவே இம்மாதம், நிலம் கேட்காத ஒரு தொழிலைப் பற்றிப் பார்ப்போம். அது வர்ண மீன் வளர்ப்பு. அதிலும் பலர் அறியாத ஒரு மீனை அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

தென் அமெரிக்க ஆறுகளில் ஜியோபேகஸ் என்றொரு மீன் இனம் உண்டு. 1840 ஆம் ஆண்டு ஹெக்கல் என்ற ஆஸ்திரிய அறிஞர் இட்ட பெயர் இது. கிரேக்க மொழியில் 'மண் தின்னி' என்று பொருள். உண்மையில் இது மண்ணைத் தின்பதில்லை. மணலை வாய் நிறைய அள்ளி, அதிலுள்ள புழு பூச்சிகளைப் பிரித்தெடுத்துவிட்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். இரத்தினபுரியில் மாணிக்கக் குழியிலிருந்து எடுத்த இல்லத்தைக் கூடையிலிட்டு நீரில் அலசி, கல்லைத் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மீன் நாள் முழுவதும் செய்வது அதே வேலைதான்.

இவ்வினத்தில் நமக்கு ஏற்றது கொலம்பியா நாட்டு மக்தலேனா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிவப்புத் திமில் மீன். வளர்ந்த ஆண் மீனின் நெற்றியில் சிவந்த திமில் ஒன்று புடைத்திருக்கும். பெண் மீன் சிறியது, நிறமும் மங்கல். நாம் குழம்பு வைக்கும் திலாப்பியாவும் இதே குடும்பம்தான்.

தொட்டியும் தண்ணீரும்

நான்கு மீன்களுக்கு மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி போதும். பழைய குளிர்சாதனப் பெட்டியின் உட்கூட்டையும் பாவிக்கலாம். சீமெந்துத் தொட்டி கட்ட வேண்டாம். அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நாளை உடைக்கச் சொன்னால் போட்ட பணமும் உழைப்பும் போய்விடும். தூக்கி நகர்த்தக்கூடியதே நமக்குப் பாதுகாப்பு.

அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு நன்கு கழுவிய மெல்லிய ஆற்று மணல் இடுங்கள். கூரிய கற்கள் மீனின் வாயையும் செவுளையும் கிழித்துவிடும். செடிகளை நட்டால் ஒரே இரவில் கிளறிப் பிடுங்கிவிடும். இரண்டு தட்டைக் கற்களும், ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி ஒன்றும் போதும்.

தொட்டி வைத்தவுடன் மீனை விடாதீர்கள். மீனின் கழிவைச் சுத்தமாக்கும் நல்ல கிருமிகள் வடிகட்டியில் உருவாகச் சில வாரங்கள் எடுக்கும். ஏற்கனவே மீன் வளர்ப்பவரிடமிருந்து பழைய பஞ்சு வடிகட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினால் இந்தக் காலம் குறையும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் இந்த மீனின் தலையில் குழிப்புண் வரும்.

பீலித் தண்ணீர் மென்மையானது, இந்த மீனுக்கு ஏற்றது. ஆனால் மேல்மலையில் களைக்கொல்லி அடித்த நாட்களில் அதை எடுக்க வேண்டாம். குழாய் நீரில் குளோரின் இருந்தால் வாளியில் ஒரு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள். இறப்பர்ப் பால் உறைய வைக்கும் அசிட் பட்ட கையைச் சவர்க்காரமிட்டு நன்றாக அலசிய பின்பே தொட்டியில் விடுங்கள். 2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனால் ஒரு கோப்பையால் நீரை அள்ளி உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றினால் மீனுக்குக் காற்றுக் கிடைக்கும். மீன் குறைவாக இருந்தால்தான் இது கைகொடுக்கும்.

தாய் மீன்

ஓர் ஆணுக்கு மூன்று பெண் மீன்கள் என்ற கணக்கில் விட வேண்டும். ஒரு பெண் மட்டும் இருந்தால் ஆண் மீன் அதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும்.

பெண் மீன் தட்டைக் கல்லின் மேல் முட்டையிட்டு உடனே அவற்றை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். தாடை வீங்கியது போலத் தெரிந்தால் முட்டை இருக்கிறது என்று அறியலாம். அதன் பின் இரண்டு முதல் மூன்று வாரங்கள், குஞ்சுகள் நீந்தும் பருவம் வரை தாய் அவற்றை வாயிலேயே காக்கும். அந்த நாட்களில் அது சாப்பிடுவது மிகக் குறைவு. குஞ்சுகளை வெளியே விட்ட பின்பும், ஏதாவது அசைந்தால் மறுபடி வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். ஆண் மீன் இதில் எந்தப் பொறுப்பும் ஏற்காது.

இதை வாசிக்கும்போது உங்களில் பலருக்குச் சில நாட்கள் ஞாபகம் வரலாம். அதை நான் விவரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த நாட்களில் தாய் மீனுக்கு வேண்டியது தொந்தரவில்லாத இடம். தொட்டியைத் தட்டினாலோ, வலையோடு விரட்டினாலோ முட்டைகளைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். இளம் தாய் முதல் தடவை முட்டைகளை விழுங்கினால் மனம் தளர வேண்டாம். அடுத்த முறை சரியாகிவிடும். தாடை நன்கு வீங்கிய சில நாட்களுக்குப் பின், மாலை மங்கலில் மெதுவாக வேறு சிறிய தொட்டிக்கு மாற்றலாம். குஞ்சு விட்டதும் தாய்க்குச் சில வாரங்கள் நல்ல தீனியும் ஓய்வும் கொடுத்த பின்பே ஆணிடம் விடுங்கள்.

குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா குஞ்சு சிறந்த உணவு. கிடைக்காவிட்டால் அவித்த முட்டையின் மஞ்சட் கருவைத் துணியில் வடித்து மிகச் சிறிதளவு கொடுக்கலாம். மிஞ்சினால் நீர் கெட்டுவிடும்.

காசுக் கணக்கு

"யார் வாங்குவாங்க மிஸ்?" இதற்கு விடை தெரியாமல் தொடங்கவே வேண்டாம். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் நன்னீர் வர்ண மீன்களில் முதலிடம் கப்பிக்குத்தான். மண் தின்னி மீனை விரும்பி வாங்குவோர் குறைவு. ஆகவே முதலில் ஆறு மாதம் கப்பி வளர்த்து, நீர் மாற்றவும் நோய் அறியவும் கை பழகட்டும். பின்னர் இரத்தினபுரி, பலாங்கொடை, அவிசாவளை, கேகாலைக் கடைகளில் கேட்டுப் பார்த்து, வாங்குவதாக ஒருவர் சொன்ன பின்பே இந்த மீனுக்கு வாருங்கள். நக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை வர்ண மீன் வளர்ப்புக்குப் பயிற்சி தருகிறது. அதன் விரிவாக்க அலுவலரைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியாகப் போகத் தயக்கமாயின் நான்கு பேராகப் போங்கள்.

இதற்காக வாரத் தவணைக் கடன் எடுக்காதீர்கள். மீன் வாரந்தோறும் பணம் தராது, ஆனால் கடன்காரர் வாரந்தோறும் வாசலுக்கு வருவார். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. உங்கள் நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள். விடியலில் பால்வெட்டு, மாலையில் சமையல், அதற்குமேல் மீன் என்றால் அதுவும் உழைப்புத்தான். தீனி போடுவதை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் பகிரட்டும். விற்ற பணம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்குப் போகட்டும்.

ஓடையில் விடாதீர்கள்

மீன் பெருகி விற்க முடியாமல் போனால் ஓடையில் விட்டுவிடுவது பாவமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். டேங்க் கிளீனர் மீன் அவ்வாறு வெளியே போய் நமது நீர்நிலைகளில் பெருகிவிட்டது. பந்துல பெத்தியா என்ற சிறு மீன் இயற்கையாக வாழ்வதாக அறியப்பட்டது உலகில் ஒரே இடத்தில்தான். அது கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடப் பகுதியிலுள்ள ஒரு சிற்றோடை. 1991 இல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். அத்தகைய ஓடையில் மண்ணைக் கிளறும் அந்நிய மீன் புகுந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தன் இடத்திலிருந்து விரட்டப்படுவது என்னவென்று நமக்குத் தெரியும்.

2003 மே மாதமும் 2017 மே மாதமும் இரத்தினபுரியில் வந்த வெள்ளத்தை நினைவில் வைத்து, தொட்டிகளை உயரமான இடத்தில் வைத்து வலையால் மூடுங்கள். மீன் இல்லாத தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். இல்லையேல் டெங்கு நுளம்பு குடிவந்துவிடும்.

சகோதரிகளே, இந்த மீன் உங்களைப் பணக்காரியாக்காது. ஆனால் ஒரு மேசை அளவு இடத்தில், கடனில்லாமல், உங்கள் கையால் ஒன்றை வளர்த்து விற்ற அனுபவம் கிடைக்கும். வேறு ஊருக்குப் போக நேர்ந்தாலும் அந்தத் தொழிலறிவு உங்களோடு வரும். இம்மாதம் பக்கத்துக் கடையொன்றில் கப்பி என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொடக்கம் அதுவாக இருக்கட்டும்.