மலையே சாமி, மலை சரிந்தால்?

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் ஆரணி வட்டாரத்தில் தறித்தொழில் பாதி படுத்துவிடும். முள்ளிப்பட்டு போன்ற நெசவு ஊர்களில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயில் வேண்டும். குழித்தறி என்றால், குழியில் ஊற்றெடுத்துவிட்டால் மிதிபலகையில் கால் வைக்க முடியாது. ஈரக்காற்றில் மரச்சாமான்கள் உப்பிக்கொள்ளும். ஜக்கார்டு அட்டை நமுத்துப்போகும். அதே மழை வேண்டித்தான் பக்கத்து நிலத்துக்காரர் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றியிருப்பார். ஒரே ஊரில் எதிரும் புதிருமாக இரண்டு வேண்டுதல். அம்மன் யார் பக்கம் என்று எவரும் வழக்குப் போடுவதில்லை. போவது பத்து நாள் கூலியாக இருக்கும்வரை நம்பிக்கைக்குப் பெரிய சோதனை கிடையாது.

உயிர் போகும்போது அப்படியில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், நகர மறுத்து நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. மறுநாள், டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருக்கும் வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் உருண்டுவந்து வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். ஆரணியும் அதே மாவட்டம்தான்; பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கிருந்து கிரிவலத்துக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்த மலை சொந்த ஊர்ச் சாமி.

மற்ற ஊர்களில் மலைமேல் சாமி இருக்கும். அங்கே மலையே சாமி. நெருப்புத் தலம், லிங்கமே மலையாக நிற்கிறது, நினைத்தாலே முக்தி என்பது காலங்காலமாக வரும் வாக்கு. அந்த வாக்கின் காலடியில் குடியிருந்த பிள்ளைகள்மேல்தான் அந்த மலை சரிந்தது. திருவண்ணாமலைச் சம்பவம் மற்றப் பேரிடர்களிலிருந்து வேறுபடும் இடம் இதுதான். கடல் பொங்கினால் கடலைத் திட்டலாம், ஆறு உடைத்தால் ஆற்றைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு நடுவில் வேறு ஆள் இல்லை.

இப்படி நேரும்போதெல்லாம் முதலில் வந்து நிற்கும் பதில், ‘செய்த பாவம்’ என்பது. அது படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் நிலநடுக்கம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார். தீண்டாமை ஒழிப்பில் காந்தியோடு முழுக்க உடன்பட்ட தாகூரே பதறிப்போய் மறுப்பு எழுதினார். இயற்கையால் வரும் அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்றார். பாவத்துக்குத் தண்டனை என்ற வாதத்தை எடுத்தால் நாளை எதிராளியும் நம் பாவத்தைக் காட்டி இதையே சொல்வான் என்பது அவர் கவலை. காந்தி அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ ஏட்டிலேயே, தம் பதிலோடு சேர்த்து வெளியிட்டார். என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் நம்புகிறேன் என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். அவருடைய நேர்மை அது. வாதம் மட்டும் தேறவில்லை. 1934-ல் தீண்டாமைக்குத் தண்டனை என்றால், அவர் பேசிக்கொண்டிருந்த திருநெல்வேலிச் சீமை எந்த விதத்தில் பீகாருக்கு இளைத்தது? பீகாரில் இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் எந்தப் பாவத்துக்குக் கணக்குத் தீர்த்தார்கள்?

வ.உ.சி. நகர்க் குழந்தைகளின் வயதைப் பார்த்த பிறகும் பூர்வஜென்ம வினை என்று வாய்திறப்பவர்கள் இருக்கிறார்கள். துக்க வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னொரு பதில் கேட்க இதமாக இருக்கும். ஆனால் உள்ளே கத்தி இருக்கும். ‘சாமி எங்களைக் காப்பாத்துச்சு’ என்பது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஆழிப்பேரலை நூற்றுக்கணக்கான யாத்திரிகர்களை வாரிக்கொண்டு போனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மாதா கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை. அதைப் புதுமை என்று இன்றும் பேசுகிறார்கள். 2013 ஜூனில் கேதார்நாத்தில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளத்தில் போனார்கள். உருண்டு வந்த ஒரு பெரும்பாறை கோயிலின் பின்புறம் நின்று வெள்ளத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. அந்தப் பாறைக்கு ‘பீம் சிலா’ என்று பெயர் வைத்து வணங்குகிறார்கள். பதினோரு ஆண்டு கழித்துத் திருவண்ணாமலையில் உருண்ட பாறை நிற்கவில்லை. நின்ற கல் கும்பிடத்தக்கது என்றால், நிற்காத கல்லை என்னவென்று சொல்வது? தப்பித்தவர் நன்றி சொல்வதில் தப்பே இல்லை. அந்த நன்றியை எல்லோருக்குமான விளக்கமாக நீட்டும்போது, பக்கத்து வீட்டில் செத்தவரைக் கடவுள் கைவிட்டார் என்றும் சேர்த்தே சொன்னதாகிறது.

தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் பலவற்றில் புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசனம் தருவார்கள். சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டுகிற வீடுகளும் உண்டு. 2004-ன் அந்தக் கடைசி ஞாயிறு போய் ஆறே நாளில் அப்படியொரு புத்தாண்டு வந்தது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்களும் அன்று கோயிலுக்குப் போனார்கள். வெள்ளம் வராது, தீங்கு தொடாது என்று அவர்கள் அந்த வசனத்தைப் படித்திருக்க முடியாது. துணை இருப்பேன் என்றுதான் படித்திருக்க முடியும். காப்பீட்டுப் பத்திரத்தைப் போலப் படித்திருந்தால் அன்றே பலர் கோயிலை விட்டு இறங்கியிருப்பார்கள்.

நம்பிக்கை உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மண்சரிவு நடந்த மூன்றாம் நாள், டிசம்பர் 4 அன்று, அண்ணாமலையார் கோயிலில் தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. மகாதீபம் 13-ம் தேதி. பக்தர்களை மலையேற விடலாமா என்று அரசு கேட்டது ஜோசியரை அல்ல, புவியியல் வல்லுநர்களை. அவர்கள் மலையில் ஏறி, மண்ணையும் பாறையையும் பார்த்து அறிக்கை தந்தார்கள். பொதுமக்கள் ஏறக் கூடாது. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுபோகிறவர்களும் பணியாளர்களும் மட்டும் போகலாம் என்று முடிவானது. சிலர் முணுமுணுத்தார்கள். பர்வதராஜகுலத்தார் வழக்கம்போல 2,668 அடி உச்சியில் தீபம் ஏற்றினார்கள். கீழே லட்சக்கணக்கானோர் கைகூப்பினார்கள். மண் ஆய்வறிக்கையால் அண்ணாமலையார் ஒரு அங்குலமும் சிறுக்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் கோயில் மரபே மலையேறுவதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மலை சிவனுடைய மேனி என்பதால், தீபம் முடிந்ததும் கால் பட்டதற்குப் பிராயச்சித்த பூஜை செய்வது அங்கே வழக்கம். மலையை மிதிக்கத் தயங்கிய மரபு அது. அடிவாரத்தை அறுத்து வீட்டுமனையாக்கியது பிற்காலத்து வேலை.

வெள்ளத்தையும் சாமியையும் சேர்த்துத் தமிழில் சொல்லப்பட்ட கதைகளில் பெரியது, பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகை கரையை உடைக்கிறது. மாணிக்கவாசகருக்காக வெள்ளத்தை வரவைத்ததும் சொக்கநாதரேதான் என்று திருவிளையாடல் ஒளிக்காமல் சொல்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது அரசன் கட்டளை. ஆள் துணையில்லாத பிட்டு வாணிச்சி வந்திக்காகக் கூலியாளாக வந்த சாமி, பிட்டைத் தின்றுவிட்டு வேலையில் ஏய்க்கிறார்; பிரம்படி வாங்குகிறார். அந்த அடி அரசன் உட்பட எல்லார் முதுகிலும் விழுகிறது. கை உயர்த்தி வெள்ளத்தை நிறுத்த முடிந்தவர், கூடை தூக்கிக் கரைக்கு வருகிறார். ஆவணி மூலத்தன்று மதுரையில் இன்றும் அந்தக் கதை திருவிழாவாக நடக்கிறது. வந்தியின் பங்குக் கரையை அடைக்கும் வேலை விழாவின் நடுவில் இருக்கிறது. வந்தி என்ன பாவம் செய்தாள் என்ற விசாரணை எங்கேயும் இல்லை.

ஆகவே வாக்கு தவறியது யார் என்ற கேள்வியைக் கோயிலோடு நிறுத்தக் கூடாது. அதே புயலில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது, அகரம்பள்ளிப்பட்டு அருகே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் அடித்துக்கொண்டு போனது. திறப்புவிழா நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வ.உ.சி. நகரில் பாறை விழுந்த இடம் ஒன்றும் காடு அல்ல. எண் போட்ட தெரு. சரிவில் வீடு எழும்பும்போது பார்த்துக்கொண்டிருந்த அலுவலகங்கள் உண்டு. மலைமேல் பெய்த மழை எத்தனை செ.மீ. ஆனால் எந்தத் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்ற கணக்கும், ஊருக்குள் மனை வாங்க வழியில்லாமல் சரிவுக்கு ஏறிய குடும்பங்களுக்கு மாற்று இடமும், ஆக்கிரமிப்பாளர் என்ற பட்டத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை. தீபத்துக்காக மலையேறலாமா என்று பார்க்க வந்த வல்லுநர்களை, தீபம் இல்லாத மாதங்களிலும் அந்த அடிவாரத் தெருக்களுக்கு வரவழைக்கலாம்.